எங்கள் ஊர்த் திருமேனிகளுக்கு ஒரு படப்பதிவேடு: மதுரைப் புகைப்பட நிலையம் ஒன்றின் பணி பற்றிய மதிப்புரை

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பொதுவில் நிர்வகிக்கப்படும் சிறிய சிவன் கோயில் ஒன்று அங்கே உண்டு. அக்கோயிலில் எஞ்சியிருக்கும் ஆறு செப்புத் திருமேனிகளையும் முறையாகப் படம் எடுத்து, அளந்து, எடை பார்த்து, பதிவேடாகத் தொகுத்துத் தருவதற்காக, மதுரை நகருக்குள் புகைப்பட நிலையம் நடத்திவரும் கணவன் மனைவி இருவரைக் கடந்த தை மாதம் அழைத்திருந்தோம். கல்யாண வீடுகளில் படம் எடுப்பதே அவர்களுடைய அன்றாடத் தொழில் என்றாலும், சில ஆண்டுகளாக ஊர்க் கோயில்களின் திருமேனிகளைப் பதிவு செய்து கொடுக்கும் வேலையையும் தனியாக எடுத்துச் செய்கிறார்கள். இரண்டு நாள் வேலைக்கு 18,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு பதிவேடுகளும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளும் எங்கள் கைக்கு வந்தன. இதற்கு யாரைத் தேடிப் போவது, எதைக் கேட்டு வாங்குவது, எங்கே ஏமாந்துவிடக் கூடாது என்று வேறு ஊர்க்காரர்களும் யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்பதால் எங்கள் அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

நிலையத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. அது அவர்களே கேட்டுக்கொண்டது. எந்த நிலையம் எந்தக் கோயிலுக்குப் போய்ப் படம் எடுத்தது என்ற செய்தி பரவினால், எந்தக் கோயிலில் பழைய செப்புத் திருமேனிகள் இருக்கின்றன என்ற செய்தியும் அதோடு சேர்ந்து பரவும் என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார்கள். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த வேலையை இவர்களிடம் ஒப்படைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

எஞ்சியிருக்கும் ஆறு என்று எழுதினேன். முன்பு ஏழு இருந்தன. 1980களின் பிற்பகுதியில், ஓர் ஐப்பசி மாத அடைமழை இரவில், கோயிலின் பின்பக்கக் கதவின் நாதாங்கியைப் பெயர்த்து உள்ளே வந்தவர்கள் மாணிக்கவாசகரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றவை கனம், இவர் ஒன்றரை அடி உயரம்தான், ஓர் ஆள் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம். அவர் பிறந்த திருவாதவூரும் எங்கள் மதுரைச் சீமையில்தான் இருக்கிறது. வாதவூரர் எங்களுக்கு நாயன்மார்களைப் போன்ற தொலைவான பெரியவர் அல்லர், பக்கத்து ஊர்க்காரர். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மார்கழித் திருவாதிரைக்கு முந்தைய பத்து நாளும் அவரை நடராசருக்கு எதிரே எழுந்தருளச் செய்து, திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் பாடி, பாட்டுக்குப் பாட்டு தீபாராதனை காட்டுவது எங்கள் கோயில் வழக்கம். அந்த மார்கழியில் எதிரே வைப்பதற்கு யாரும் இல்லை. ஒரு மனைப்பலகையின் மேல் திருவாசகப் புத்தகத்தை வைத்து, அதற்குப் பரிவட்டம் சுற்றி, தீபம் காட்டினார்கள். அன்று முதல் இன்று வரை எங்கள் ஊரில் மார்கழி அப்படித்தான் நடக்கிறது. இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் புத்தகத்துக்குத் தீபம் காட்டுவதே வழக்கம் என்று தோன்றிவிட்டது. அங்கே ஒருவர் நின்றிருந்தார் என்பதே அவர்களுக்குத் தெரியாது. திருட்டு ஒன்று ஊருக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டால், அவ்வளவு தூரம் போகிறது என்பேன்.

புகார் கொடுக்கப் போனபோது அங்கே கேட்ட முதல் கேள்வி, படம் இருக்கிறதா என்பதுதான். இல்லை. கருவறையிலும் சாமி மண்டபத்திலும் படம் எடுக்கக் கூடாது என்பதைப் பக்தியாக நினைத்திருந்த காலம் அது. என் தகப்பனார் தம் முழங்கால் அளவுக்குக் கையை வைத்து உயரத்தைக் காட்டினார் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "சுமார் ஒன்றரை அடி உயரமுள்ள உலோகச் சிலை ஒன்று" என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு வரிக்குப் பொருந்தக்கூடிய சிலைகள் தமிழ்நாட்டுக் கோயில்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். நாளைக்கே ஏதோ ஓர் அயல்நாட்டு அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குள் அவர் நின்றாலும், இவர் எங்களவர் என்று சொல்ல எங்களிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

படம் இருந்த ஊர்களின் கதை வேறு. நாகப்பட்டினம் பக்கத்து அனந்தமங்கலத்தில் இராசகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்து 1978இல் களவுபோன இராமர், இலக்குவர், சீதை திருமேனிகள் 2020இல் இலண்டனிலிருந்து திரும்பி வந்தன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958இல் அக்கோயிலில் எடுத்துவைத்திருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது முடிந்தது. அந்த நிறுவனம் 1950களிலிருந்தே ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம் எடுத்துச் சேர்த்த தொகுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அவர்கள் திருடர்களை மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை. கோயில் கலையைப் படிப்பதற்காக எடுத்தார்கள். இன்று அதுவே நமக்குச் சாட்சியாக நிற்கிறது. நெல்லைச் சீமையில் கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982இல் காணாமல் போனார். 2001இல் தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அவரை விலைக்கு வாங்கியது. 2019இல் திரும்பி வந்தார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஊருக்குள் அவர் வந்தபோது மக்கள் மேளதாளத்தோடு வரவேற்ற செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் திருப்பணிக் குழுவில் இந்தப் பேச்சை எடுத்ததே அதற்குப் பிறகுதான்.

அருங்காட்சியகங்களுக்கு இதனால் நேர்ந்தது என்ன என்பதையும் குழுவில் எடுத்துச் சொன்னேன். ஏனென்றால், சிலை போனது நமக்கு நட்டம், வாங்கியவனுக்கு லாபம் என்றே எங்கள் ஊரில் பலரும் எண்ணியிருந்தார்கள். அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து கடத்தப்பட்ட நடராசரை, கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர். தில்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவரின் குடும்பத்தாரிடம் பல ஆண்டுகளாக இருந்த சிலை என்று காகிதங்கள் காட்டப்பட்டன. அவை பொய்க் காகிதங்கள். அதே நடராசர் கோயிலிலேயே இருப்பதைக் காட்டும் 1994ஆம் ஆண்டுப் படம் அந்தப் புதுச்சேரி நிறுவனத்தில் இருந்தது. 2014இல் அந்நாட்டுப் பிரதமரே அவரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். விருத்தாசலத்துக் கோயிலின் கோட்டத்திலிருந்து, அதாவது வெளிச்சுவர் மாடத்திலிருந்து, பெயர்த்தெடுத்து விற்கப்பட்ட கல் அர்த்தநாரியும் அப்போதுதான் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்திலிருந்து திரும்பி வந்தது. கான்பெராக் கலைக்கூடம் 2021இல் இன்னும் 14 பொருள்களைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. பணம் போனது ஒருபுறம் இருக்க, அந்தக் கூடத்தில் மீதமிருக்கும் ஒவ்வொரு பொருளையும் பார்ப்பவர், இது எங்கிருந்து எடுத்தது என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. பொருளின் அடியில் எழுதிவைக்கும் நாலு வரிக் குறிப்பை நம்பித்தான் அருங்காட்சியகம் நடக்கிறது. அந்த நாலு வரி பொய்யாகிவிட்டால், அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டி எதைச் சொல்லிக் கொடுப்பது? ஆக, களவு போகாமல் காப்பது நம் வேலை என்றால், களவுப் பொருளை வாங்காமல் இருக்க அவர்களுக்கும் நம் பதிவேடு வேண்டும். அந்தக் கூட்டத்தில் இதற்குப் பிறகு எதிர்ப்பு அதிகம் இல்லை.

இனி, வேலை நடந்த விதம்.

முதல் நாள் அவர்கள் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. குருக்களோடு உட்கார்ந்து, எந்தத் திருமேனியை எப்போது அலங்காரம் களைவது, யார் தொடுவது, எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். துணியும் நகையும் களையாமல் எடுக்கும் படத்தால் பயன் இல்லை. களைந்த கோலத்தில் சாமியை எல்லோரும் பார்ப்பதும் முறை இல்லை. இந்த இரண்டுக்கும் இடையில் அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. விடியற்காலையில் திருமஞ்சனம் முடிந்ததும், மண்டபத்தின் நான்கு பக்கமும் வெள்ளை வேட்டியால் திரை கட்டி, உள்ளே குருக்களும் அவர்கள் இருவரும் நானும் மட்டும் இருந்தோம். அந்த வெள்ளை வேட்டியே வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுக்கும் திரையாகவும் பயன்பட்டது. திருமேனியைத் தொட்டவர் குருக்கள் ஒருவரே. "சாமி, கொஞ்சம் மேற்கே திருப்பி வைங்க" என்று அந்தப் பெண் சொல்லுவார், குருக்கள் திருப்புவார். இரண்டு நாளும் அவர்கள் கைகள் ஒரு திருமேனியின் மேலும் படவில்லை. அளவெடுக்கும் கருவியைக்கூடக் குருக்கள் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்து, எண்ணை மட்டும் இவர்கள் படித்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு திருமேனிக்கும் முன், பின், இரு பக்கம், நான்கு மூலை, மேலிருந்து, பீடத்தின் அடியிலிருந்து என்று முழு உருவப் படங்கள். அவற்றில் எல்லாம் அளவுகோல் ஒன்றும் நிற அட்டை ஒன்றும் கூடவே இருக்கும். பிறகு அருகில் வந்து முகம், கைகள், ஆயுதங்கள், காதணி, பூணூல், இடைக்கட்டு, பாதம், பீடத்தின் வளையங்கள். அதற்கும் பிறகு, நான் எதிர்பாராத ஒன்று: வடு, கீறல், வார்ப்பில் விழுந்த சிறு குழி, தேய்மானம், ஒட்டுப்போட்ட இடம். அழகான இடங்களைவிட இந்தக் குறைகளுக்கே அவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். கேட்டதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் சரியானது. நம் செப்புத் திருமேனிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிச் செய்யப்பட்டவை. மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்க முடியும். ஓர் அச்சுக்கு ஒரு திருமேனிதான். அதனால் இரண்டு திருமேனிகள் எவ்வளவு ஒத்திருந்தாலும், வார்ப்புக் குறைகள் ஒத்திருக்க மாட்டா. மனிதருக்குக் கைரேகை எப்படியோ, திருமேனிக்கு அந்தக் குழிகளும் வடுக்களும் அப்படி.

திருட்டு என்றால் பூட்டை உடைப்பது மட்டும் இல்லை என்பதற்கும் இதுவே மருந்து. தஞ்சைச் சீமைச் சிவபுரத்து நடராசரை 1950களில் பழுது பார்க்கக் கொடுத்தபோது, அதைப் போலவே செய்த புதுச் சிலை ஒன்று கோயிலுக்குத் திரும்பி வந்தது; அசல் வெளியே போய்விட்டது. கோயிலில் பூசை தடையின்றி நடந்துகொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. அசல், அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்பவரின் நிறுவனத்தால் 1973இல் வாங்கப்பட்டு, வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 1986இல் திரும்பி வந்தது. முழு உருவப் படம் மட்டும் இருந்தால் இப்படிப்பட்ட மாற்றத்தைப் பிடிக்க முடியாது. பின்பக்கத்துக் குழியின் படம் இருந்தால் பிடித்துவிடலாம்.

இரண்டாம் நாள் காலை நடந்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சிவனின் ஒரு கோலமான சந்திரசேகரரின் பீடத்தைப் படம் எடுக்கும்போது, அந்தப் பெண் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு சிறு கைவிளக்கைப் பீடத்தின் பக்கவாட்டில், உலோகத்தோடு ஒட்டினாற்போல் பிடித்தார். மழமழவென்று தெரிந்த பின்பக்கத்தில் வரிசையாக நிழல்கள் எழுந்தன. தமிழ் எழுத்துகள். ஒரு பெயரின் கடைசிப் பகுதியும், அதன் பின் "உபயம்" என்ற சொல்லும் தெளிவாகத் தெரிந்தன. நாற்பது ஆண்டுகளாக அந்தத் திருமேனிக்கு நீராட்டும் குருக்கள் குனிந்து பார்த்துவிட்டு, "இங்கே என்னவோ சொரசொரன்னு இருக்கும்னு என் விரலுக்குத் தெரியும். எழுத்துன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் கொடுத்த கொடை, அத்தனை தலைமுறை கழித்து, ஒரு சிறு விளக்கைச் சாய்த்துப் பிடித்ததால் எங்களிடம் வந்து சேர்ந்தது. கொடுத்த 18,000 ரூபாயும் எனக்கு அந்த ஒரு நிமிடத்திலேயே அடைந்துவிட்டது.

எடை பார்க்கும் வேலையும் நன்றாகவே நடந்தது. மேடைத் தராசின் மேல் பலகை போட்டு, பட்டு விரித்து, அவற்றின் எடையை முதலில் கழித்துக்கொண்டார்கள். ஐம்பொன் என்றால் அதில் பாதி பொன் இருக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். உண்மையில் இத்தகைய திருமேனிகளில் பெரும்பங்கு செம்புதான். இதை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னதும் ஒரு பாதுகாப்புதான் என்று நினைக்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, முதலில் அச்சிட்டு வந்த பதிவேட்டில் வலமும் இடமும் மாறிக் கிடந்தது. சந்திரசேகரர் பின் வலக்கையில் மழுவும் பின் இடக்கையில் மானும் ஏந்தியவர். பதிவேட்டிலோ இடக்கையில் மழு, வலக்கையில் மான் என்று இருந்தது. படம் எடுத்தவர் தம் கண்ணுக்கு இடப்பக்கம் தெரிந்ததை இடம் என்று எழுதிவிட்டார். சாமிக்கு வலம் எதுவோ அதைத்தான் வலம் என்று எழுத வேண்டும். ஆறு திருமேனிகளுக்கும் இதே பிழை. சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் நாளைக்கு நீதிமன்றத்தில் இந்தப் பதிவேடு சாட்சியானால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் விரலை வைக்கும் இடம் இதுவாகத்தான் இருக்கும். குருக்களும் நானும் மூன்று மாலை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்திக் கொடுத்தோம். அவர்கள் முகம் சுளிக்காமல் மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்தார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை. இருந்தாலும், திருமேனிகளின் இலக்கணம் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

பங்குனியில் தருவதாகச் சொன்ன பதிவேடு வைகாசியில்தான் கைக்கு வந்தது. சித்திரைத் திருவிழாக் காலத்தில் மதுரையில் எந்தப் புகைப்படக்காரரையும் பிடிக்க முடியாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நாங்கள் தொலைபேசியில் நச்சரித்திருக்க மாட்டோம்.

இன்னொன்றைக் கவலையோடு குறிப்பிட வேண்டும். திருத்தம் பார்ப்பதற்காகப் படங்களை இணையத்தில் ஏற்றி, இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அந்த இணைப்புக்குக் கடவுச்சொல் எதுவும் இல்லை. யார் கையில் கிடைத்தாலும் ஆறு திருமேனிகளின் உயரம், எடை, பீடத்தை விட்டு எளிதில் கழலும் பாகம் எது என்பது வரை தெரிந்துவிடும். காவலுக்கு உதவும் படம் களவுக்கும் உதவும். கடத்தல்காரர்களும் படம் அனுப்பித்தானே விலை பேசினார்கள்? நான் சொன்ன அன்றே அந்த இணைப்பை நீக்கிவிட்டார்கள். வேலைக்கு அழைப்பவர்கள், படங்கள் இணையம் வழியாக வரக் கூடாது, நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும், வேலை முடிந்ததும் நிலையத்தின் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் பிறகுதான் எழுதி வாங்கினோம்.

நடராசருக்கு மட்டும் முப்பரிமாணப் படிமமும் எடுத்தோம், அதற்குத் தனியாக 4,000 ரூபாய். அது தேவையில்லை என்பது என் கருத்து. எண்ணெய்ப் பளபளப்பு உள்ள உலோகத்தில் கணினிக்குப் புள்ளிகள் சரியாக அகப்படுவதில்லை. திருவாசியின் தீச்சுடர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிப்போய் வந்திருக்கின்றன. அந்தப் பணத்துக்குக் கோட்டத்துத் தட்சிணாமூர்த்தியையும் துர்க்கையையும் கல்வெட்டுகளையும் சேர்த்து எடுத்திருக்கலாம். கல் திருமேனியை யார் பெயர்க்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். விருத்தாசலத்து அர்த்தநாரி கல்தான்.

பதிவேட்டை ஊரார் முன் வைத்த நாளில், ஒரு பெரியவர் எழுந்து நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். இப்படியெல்லாம் எழுதிவைத்தால், பாதுகாப்பு இல்லை என்று சொல்லி அதிகாரிகள் வந்து சாமியை, பல கோயில் திருமேனிகளைச் சேர்த்துப் பூட்டிவைக்கும் பாதுகாப்பு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்களா? அவர் பயத்தில் பொருள் உண்டு. பத்தூர் நடராசர் கதையை அவர் அறிந்திருந்தார். 1976இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, இலண்டனுக்குக் கடத்தப்பட்டு, கோயிலின் சார்பில் வழக்காடப்பட்டு, 1988இல் சாதகமாகத் தீர்ப்பாகி, மேல்முறையீடும் தள்ளுபடியாகி 1991இல் திரும்பி வந்தவர் அவர். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி அங்கே போய்ச் சாட்சியம் சொன்னார். அத்தனைக்கும் பிறகு அந்த நடராசர் வைக்கப்பட்ட இடம் திருவாரூர்ப் பாதுகாப்பு மையம். பூட்டிய அறையில் பாதுகாப்பாக இருக்கும் சாமிக்கு வீதி உலா கிடையாது. எங்கள் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: படம் இல்லாத காரணத்தால்தான் பத்தூருக்கு அத்தனை ஆண்டு வழக்கு வேண்டியிருந்தது, மண்ணையும் உலோகத்தையும் ஒப்பிட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. நம் சாமியை நம் ஊரிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமானால், கதவும் காவலும் பதிவேடும் சரியாக இருக்கின்றன என்று காட்டுவதுதான் வழி. கூட்டம் முடிவதற்குள் இரும்புக் கதவுக்கு நன்கொடைப் பட்டியல் தொடங்கிவிட்டது. நூறு ஆண்டைக் கடந்த திருமேனிகளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்வதற்கும் இதே படங்களைப் பயன்படுத்தி விண்ணப்பித்திருக்கிறோம்.

அன்று கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட இன்னொரு கதை மதுரைக்கே உரியது. மேலமாசி வீதி மதனகோபால சுவாமி கோயிலைத் தெரியாத மதுரைக்காரர் இல்லை. அந்தக் கோயிலைச் சேர்ந்த பதினாறாம் நூற்றாண்டுக் கல்மண்டபம் ஒன்றின் தூண்கள் இன்று அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஒரு கூடமாக நிற்கின்றன. கோயில் வளாகத்தில் பெயர்ந்து குவிந்து கிடந்த கற்களை 1912இல் தேனிலவுக்கு வந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கிக் கப்பல் ஏற்றினார்; அவர் இறந்தபின் 1919இல் குடும்பத்தார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இது திருட்டு அல்ல. அந்த அருங்காட்சியகமும் கோயிலின் பெயரை மறைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கற்கள் ஊரில் எந்த இடத்தில், எந்த வரிசையில் நின்றன என்ற பதிவு நம் பக்கத்தில் இல்லாமல் போனது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மேலமாசி வீதியில் நடக்கும்போதெல்லாம் அந்தத் தூண்கள் நினைவுக்கு வந்துவிடுகின்றன. மறைக்காமல் சொல்லும் அருங்காட்சியகங்களும் இருக்கின்றன என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராசப் பெருமாள் கோயில் திருமங்கையாழ்வார் தங்களிடம் இருக்கக்கூடும் என்று ஓர் ஆய்வாளர் 1957ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டியதும், ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தார் தாங்களாகவே இந்தியத் தூதரகத்துக்கு எழுதினார்கள். திருப்பித் தரவும் 2024இல் பல்கலைக்கழகம் இசைந்தது. அங்கும் பேசியது ஒரு பழைய படம்தான்.

கடைசியாக, ஏழாவது படிவம். வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண், "அய்யா, களவு போனவருக்கும் ஒரு படிவம் எழுதுவோமே" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. மறுவாரம் இருவரும் மீண்டும் வந்தார்கள். பழைய பாடகர் ஒருவரும், திருமேனிகளைத் தோளில் சுமந்த சீர்பாதம் தாங்கிகளில் உயிரோடு இருக்கும் இருவரும், என் அத்தையும் வரவழைக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் நினைவைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக. வலக்கை சின்முத்திரை, இடக்கையில் சுவடி என்பதில் எல்லோரும் ஒத்தார்கள். சுவடியின் ஒரு முனை மழுங்கியிருக்கும் என்று அத்தை சொன்னார். பாடகரும் அதையே சொன்னார். பீடத்தில் இரண்டு வளையங்களில் ஒன்று உடைந்திருந்ததால் கயிற்றைப் பீடத்தின் அடியில் சுற்றிக் கட்டுவோம் என்று சுமந்தவர்கள் இருவரும் கைகளை அசைத்துக் காட்டினார்கள். அத்தனை ஆண்டு கழித்தும் அந்தக் கைகளுக்கு முடிச்சு மறக்கவில்லை.

எங்கள் உறவில் ஒரு கல்யாணப் படத்திலும் அவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. கோயிலில் தாலி கட்டி முடித்ததும் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், மாலைக்கு மேலே, முகமும் வலக்கையும் மங்கலாகத் தெரிகின்றன. அதைப் பெரிதாக்கி, பக்கத்தில் தெரியும் தூணின் அகலத்தை நேரில் அளந்து, அதைக் கொண்டு திருமேனியின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். மாப்பிள்ளையின் தோள் பாதியை மறைப்பதால், இதை மட்டும் வைத்து உறுதியாக அடையாளம் காட்ட முடியாது என்பதையும் படிவத்திலேயே எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே இவர்களைப் பரிந்துரைக்கிறேன். ஏழாவது படிவத்துக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். பேருந்துச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் படிவத்தின் நகலைச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை போன வாரம் வந்தது. அதைப் பதிவேட்டில் மாணிக்கவாசகரின் பக்கத்தில் ஒட்டி, தேதி போட்டு, குருக்களும் நானும் கையெழுத்திட்டு வைத்திருக்கிறோம்.